தேயிலைப் பெட்டிக் கூரை

என் கணவர் லாரியை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தால், முதல் ஒன்றரை நாள் அவருக்குக் காது சரியாகக் கேட்காது. செவிடு என்று சொல்ல மாட்டேன். தெருவில் ஐஸ்காரரின் மணி கேட்கும். அவர் அம்மா வாசலில் நின்று கூப்பிட்டால் கேட்கும். என் குரல் மட்டும் கேட்காது. நான் சிறு வயதிலிருந்தே மெதுவாகப் பேசுகிறவள். பாலிடெக்னிக்கில் வாய்மொழித் தேர்வு எடுக்க வெளியூரிலிருந்து வந்தவர், என் பதில் காதில் விழவில்லை என்று நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பதில்கள் சரி. குரல்தான் போதவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்குக் கல்யாணமாகி வந்தேன். தென்காசி ரோட்டுக்குக் கொஞ்சம் உள்ளே, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட இரண்டு அறை வீடு. இரண்டு அறைக்கும் நடுவில் இருந்த சுவர் கூரை வரை எழும்பாது. முன் அறையில் அத்தை, அதாவது என் மாமியார், படுத்திருப்பார். ஒரு சாயங்காலம் பின் அறையில் கணவரிடம் ஒன்று சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை.

"என்னட்டி சொல்லுத? சத்தமாச் சொல்லு!"

சுவருக்கு மேலே அத்தையின் குரல் வந்தது. "நாளைக்கு ஒரு நா இருந்துட்டுப் போகச் சொல்லுதா, லேய். எனக்குக் கேட்டுருச்சு, பக்கத்துல இருக்க ஒனக்குக் கேக்கலையாக்கும்?"

அதற்குப் பிறகு அந்த அறையில் எதையும் சொல்வதற்கு முன் இரண்டு தடவை யோசித்தேன்.

அவர் காது திறப்பதற்கு ஓர் அடையாளம் உண்டு. வந்த அன்று ரேடியோவை முழுச் சத்தத்தில் வைப்பார். மறுநாள் பகலில், சாப்பாடு முடிந்து படுத்திருக்கும்போது, "எதுக்கு இப்படிக் கத்துது?" என்று அவரே எழுந்து குறைப்பார். நான் சமையலறையில் அதற்காகத்தான் காத்திருப்பேன். போய் அருகில் உட்கார்ந்து பேசத் தொடங்குவேன். தொடங்கிய கொஞ்ச நேரத்தில் லாரி புக்கிங் ஆபீசிலிருந்து ஆள் வருவார்: சரக்குத் தயார், வண்டியை எடுக்க வேண்டும். நூல் மூட்டையும் பேண்டேஜ் துணியும் ஏற்றிக்கொண்டு வடக்கே போவார். பம்பாய் போனால் திரும்பி வரப் பத்து நாளுக்கு மேல் ஆகும். வரும்போது காது மறுபடி அடைத்திருக்கும்.

நான் ஆசைப்பட்டது பெரிதாக ஒன்றுமில்லை. அவர் வீட்டுப் படி ஏறும்போதே என் குரல் அவருக்குக் கேட்க வேண்டும். கத்தாமல் பேசி அவரிடம் பதில் வாங்க வேண்டும்.

அப்போது நான் ஒரு நூற்பாலையில் நூல் சோதிக்கும் அறையில் வேலை பார்த்தேன். அறை அமைதியானது. ஆனால் அங்கே போக ஸ்பின்னிங் ஹாலைக் கடக்க வேண்டும். அங்கே வேலை செய்யும் பெண்கள் உதட்டைப் பார்த்தே குடும்பக் கதை முழுவதும் பேசி முடித்துவிடுவார்கள். அவர்களிடம் கற்றுக்கொண்டு வந்து கணவரிடம் ஒரு நாள் சத்தமில்லாமல் உதட்டை அசைத்துப் பேசிப் பார்த்தேன்.

"என்ன, பல்லு வலியா?" என்று கேட்டார்.

ஆக, உதடு உதவாது. கோளாறு இருக்கிற இடத்தில் கை வைக்க வேண்டும். கோளாறு அவர் காதில் இல்லை, அவர் உட்கார்ந்திருக்கும் இடத்தில்.

அந்த இடத்தை நான் ஒரே ஒரு தடவை பார்த்திருந்தேன். கல்யாணமான புதிதில் மறுவீட்டுக்குப் போக வேண்டிய கார் வரவில்லை. காலி லாரியிலேயே என்னை ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப் போனார். பட்டுச்சேலையோடு ஏறி உட்கார்ந்தேன். சித்திரை வெயில். முழங்கால் பக்கத்தில் எஞ்சின் மூடி கொதித்துக்கொண்டிருந்தது. ஊரைத் தாண்டியதும் தென்னந்தோப்பும் மாந்தோப்புமாக வந்தது. புது மனைவிக்குச் சொல்ல எவ்வளவோ இருக்கும் அல்லவா, நான் ஏதோ சொன்னேன். அவர் காதைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். அவர் ஏதோ சொன்னார். நானும் காதைத் தொட்டுக் காட்டினேன். அப்படியே ஸ்ரீவில்லிபுத்தூர் வரை ஊமைப் படம் மாதிரிப் போனோம்.

நடுவில் ஒரு பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டபோது பிடிமானத்துக்காகக் கையை மேலே கொடுத்தேன். கூரையின் உட்பக்க ரெக்சின் தோசைக்கல் மாதிரிச் சுட்டது. அதோடு, உள்ளங்கை முழுவதும் அதிர்ந்தது. கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்தேன். எஞ்சின் வேகம் ஏறினால் அதிர்வு ஏறியது. சூடும் சத்தமும் ஒரே இடத்திலிருந்து என் தலைமேல் இறங்கிக்கொண்டிருந்தன.

அந்தக் காலத்தில் லாரி கம்பெனியிலிருந்து முழுதாக வராது. சக்கரமும் எஞ்சினும் முன் முகப்பும்தான் வரும். டிரைவர் உட்காரும் கேபினையும் பின்னால் சரக்குப் பெட்டியையும் ஊர்ப் பட்டறையில்தான் கட்டுவார்கள். அதனால் ஒவ்வொரு கேபினும் அதைக் கட்டியவரின் புத்திப்படி இருக்கும். எங்கள் வண்டி மாமனார் விட்டுப் போனது. கூரையில் மரச்சட்டம், மேலே தகரம், கீழே மெல்லிய பிளைவுட், அதில் ஒட்டிய சிவப்பு ரெக்சின். தகரத்துக்கும் பிளைவுட்டுக்கும் நடுவில் ஒன்றும் கிடையாது.

எனக்கு எதையும் வரிசைப்படுத்தினால்தான் நிம்மதி. மில்லில் மதியச் சாப்பாட்டு வேளையில் மனதுக்குள் வரிசை போட்டேன். சத்தம் எஞ்சின் மூடி வழியாக வருகிறது, தரை வழியாக வருகிறது, ஜன்னல் காற்றில் வருகிறது, கூரைத் தகரம் இது எல்லாவற்றையும் வாங்கி உறுமி மேளம் மாதிரித் திருப்பிக் கொடுக்கிறது. ஜன்னலை ஒன்றும் செய்ய முடியாது, மூடினால் வெந்துவிடுவார். மூடிக்கும் தரைக்கும் கனமான ரப்பர் போதும், மில்லில் கழித்த கன்வேயர் பெல்ட் கிடைக்கும். மிச்சம் கூரை. கூரைக்கு மூன்று வேலை செய்ய வேண்டும்: தகரம் அதிராமல் அதன்மேல் எதையாவது ஒட்டிக் கனமாக்க வேண்டும், வெயிலின் அனலைத் திருப்பி அனுப்ப வேண்டும், உள்ளே சுற்றும் சத்தத்தை உறிஞ்ச மெத்தென்று ஏதாவது வேண்டும்.

இதைக் கணவரிடம் சொன்னபோது அவருக்குக் காது திறந்திருந்தது. முழுதாகக் கேட்டார்.

"கூரைக்கு மெத்தையா? தலைகீழாவா படுக்கப் போறேன்?"

"தலைகீழா வேண்டாம். நேரா உக்காந்து ஓட்டுங்க. ஆனா வீட்டுக்கு வரும்போது காதோட வாங்க."

அவர் காதுமடலைத் தேய்த்துக்கொண்டார். பிறகு, "பட்டறைக்குப் போய்க் கேப்பம்" என்றார். எனக்கு அந்தப் பதில் ஒரு வாரத்துக்குப் போதுமானதாக இருந்தது.

பட்டறை மேஸ்திரிக்குத் தன் கையால் கட்டிய கேபின்களின் மேல் அபாரமான பெருமை. இடுப்பில் அளவு நாடாவைச் சுற்றியிருப்பார், அளந்து நான் பார்த்ததில்லை. என் யோசனையைக் கணவர் எடுத்துச் சொன்னதும் அவருக்குப் பாதிதான் பிடித்தது.

"மெத்துன்னு வைக்கணும், அம்புட்டுத்தான? பஞ்சை வச்சு அமுக்கிப்புடுவோம்."

"பஞ்சு தண்ணியக் குடிக்கும்" என்றேன். பக்கத்தில் இரண்டு பேர் தகரத்தைத் தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். மேஸ்திரி என் வாயைப் பார்த்துவிட்டு என் கணவரைப் பார்த்தார். "என்னப்பா சொல்லுது தாயி?"

"பஞ்சு நனையுமாம்."

"மேல தகரம் இருக்குல்ல தாயி? எப்படி நனையும்? ராஜபாளையத்துல இருந்துக்கிட்டு, பஞ்சை விட்டுட்டு வேற எதையாச்சும் வச்சா, ஊரு சிரிக்காது?"

எங்கள் ஊரில் அது ஒரு நம்பிக்கை. தலையணைக்குப் பஞ்சு, காயத்துக்குப் பஞ்சு, குளிருக்கு ஜன்னல் இடுக்கில் பஞ்சு, ஓட்டைக் குழாயைச் சுற்றியும் பஞ்சு. மில்லில் கழிவுப் பஞ்சு மூட்டை மூட்டையாகக் கிடைக்கும்போது வேறு எதுவும் யாருக்கும் தோன்றாது. கணவருக்கும் அதுவே சரியென்று பட்டது. மேஸ்திரி பிளைவுட்டைப் பிரித்து, கூரைக்குள் கழிவுப் பஞ்சைத் திணித்து, காலால் மிதித்து இறுக்காத குறையாக இறுக்கி, திரும்ப மூடிவிட்டார். எஞ்சின் மூடியிலும் தரையிலும் கன்வேயர் பெல்ட்டை வெட்டிப் போட்டார்கள்.

அது கோடை. பஞ்சுக் கூரையோடு முதல் நடை, அதாவது சரக்குப் பயணம், போய்விட்டு வந்தபோது அவர் ரேடியோவை நடுச் சத்தத்தில்தான் வைத்தார். நான் சமையலறையில் நின்றபடி அதைக் கவனித்தேன். முழுச் சத்தம் இல்லை, நடுச் சத்தம். அன்று பூராவும் எனக்கு வேலை ஓடவில்லை.

அடுத்த நடை கேரளா. செங்கோட்டைக் கணவாயில் ஏறும்போது தென்மேற்கு மழை பிடித்துக்கொண்டது.

கேபின் கூரைக்கு மேலே தார்ப்பாயும் கயிறும் வைக்க ஓர் இரும்புக் கேரியர் உண்டு. எல்லா லாரியிலும் பார்க்கலாம். அதன் போல்ட்டுகளைத் தகரத்தைத் துளைத்துத்தான் முடுக்கியிருந்தார்கள். தண்ணீர் அந்த ஓட்டைகள் வழியாக இறங்கியது. முன்பெல்லாம் இறங்கின தண்ணீர் ஓரமாக வழிந்து போய்விடும். இப்போது பஞ்சு அத்தனையையும் குடித்தது. குடித்துக் கனத்து, ரெக்சினோடு சேர்ந்து, சினை மாட்டு வயிறு மாதிரி டிரைவர் தலைக்கு மேலே தொங்கியது. மலை இறங்கி, வெயில் வந்து, ரோடு காய்ந்த பிறகும் கேபினுக்குள் மட்டும் சொட்டிக்கொண்டே இருந்ததாம்.

எங்கள் வண்டியின் கிளீனர் என் கணவரைவிட வயதில் மூத்தவர், சுந்தரபாண்டியத்துக்காரர். அவர்தான் அந்தப் பயணத்தை அத்தைக்கு விவரித்தார்.

"ஊரே வெயிலு காயுது, நாங்க ரெண்டு பேரு மட்டும் கொடை பிடிச்சுக்கிட்டு வாரோம் ஆச்சி. செக்போஸ்டுல போலீசு எறங்கச் சொல்லிப் பாக்காரு. உள்ள மழ. 'என்னடா கடத்துறீய'ன்னு கேக்காரு."

அத்தை சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "டிப்ளமோ படிச்ச மருமக வேணும்னு நாந்தான் கேட்டேன். மழைய வண்டிக்குள்ள கொண்டாந்துட்டா."

என் கணவர் சிரிக்கவில்லை. தலையைத் துவட்டிக்கொண்டே உரக்கச் சொன்னார்: "வேண்டாம்ட்டி. பழையபடியே இருக்கட்டும்."

பழையபடி என்றால் முழுச் சத்த ரேடியோ. பழையபடி என்றால் ஒன்றரை நாள். மழையில் வந்தவர் சாப்பிட்டுப் படுத்த பிறகு, பிரித்துப் போட்ட ஈரப் பஞ்சைப் பின்கட்டில் காயவைத்தேன். ஊறிய பஞ்சில் ஒரு புளித்த வாடை இருக்கும். அந்த வாடையோடு உட்கார்ந்துகொண்டு என் வரிசையைத் திரும்பப் பார்த்தேன். வரிசையில் பிழை இல்லை. மூன்று வேலைக்கும் ஒரே பொருளை வைத்ததுதான் கெடுத்தது. அத்தோடு அந்த போல்ட்டுகள்.

அம்மா வீட்டுக்குப் போனபோது விடை கிடைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பஜாரில் ஒரு பாய் தேயிலைக் கடை வைத்திருந்தார். மலையிலிருந்து தேயிலை அப்போது பிளைவுட் பெட்டியில் வரும். அம்மா தேயிலை வாங்கும்போது, காலிப் பெட்டி ஒன்றின் உள்ளே எட்டிப் பார்த்தேன். உட்புறம் முழுக்க வெள்ளித்தாள், ஈயத்தாள் என்று எங்கள் வீட்டில் சொல்வது, ஒட்டியிருந்தது. பெட்டி வாசலில் வெயிலில் கிடந்தது. கையை உள்ளே விட்டேன். வெளிப்பலகை சுட்டது. உள்ளே தேயிலை வாசமும் நிழலும்தான் இருந்தன.

"பெட்டிய என்ன செய்வீங்க பாய்?"

"கோழி அடைக்கக் கேப்பாங்க. முட்டை ஏத்துறவங்க கேப்பாங்க. உங்களுக்கு எதுக்கும்மா?"

"லாரிக் கூரைக்கு."

பாய் என்னை ஒரு தடவை பார்த்தார். "கோழிக்குன்னே சொல்லுங்கம்மா. கேக்க நல்லா இருக்கும்."

பெட்டிகளைப் பஸ் கூரையில் ஏற்றி ராஜபாளையம் கொண்டுபோனேன். பட்டறையில் இந்தத் தடவை மதிய நேரமாகப் பார்த்துப் போனேன். தட்டுகிறவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். மேஸ்திரிக்கு என் குரல் கேட்டது.

முதலில் கேரியர். போல்ட் எதுவும் தகரத்தைத் துளைக்கக் கூடாது, பக்கச் சட்டத்தில் முடுக்க வேண்டும் என்றேன். பிறகு தகரத்தின் உள்பக்கம் தாரைக் காய்ச்சித் தடவி, அது சூடாக இருக்கும்போதே சாக்குத் துணியை அழுத்தி ஒட்ட வேண்டும். தட்டினால் 'டங்' என்று சொல்லக் கூடாது. அதற்குக் கீழே இரண்டு விரல் இடைவெளி. அந்த இடைவெளியைப் பார்க்கும்படி தேயிலைப் பெட்டிப் பலகையை, வெள்ளித்தாள் மேல்பக்கம் வர, பொருத்த வேண்டும். அதற்குக் கீழே தென்னை நார் மெத்தை. கடைசியாக, நெருக்கமாகத் துளை போட்ட ஹார்ட்போர்டு. ரெக்சின் வேண்டாம், அது சத்தத்தை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பும்.

மேஸ்திரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டார். "ரெக்சின் இல்லாமலா? டிரைவருக்கு ஒரு கௌரதி வேண்டாமா தாயி? செகப்பு ரெக்சின், சுத்தி வெள்ளைக் குஞ்சம், அதான கேபினு!"

"குஞ்சம் போட்டுக்கோங்க. கண்ணாடிக்கு மேல மட்டும்."

"ரெண்டு வரிசை?"

"ரெண்டு வரிசை."

குஞ்சத்துக்குச் சம்மதித்ததால்தான் அந்தக் கூரை உருவானது. தார் ஒட்டி முடிந்ததும் மேஸ்திரியே மேலே ஏறித் தகரத்தை விரலால் தட்டினார். 'தொப்' என்றது. இறங்கி வந்து, "என்ன தாயி, செத்துப் போச்சு" என்றார் வருத்தத்தோடு. அவர் வாழ்நாளெல்லாம் தகரத்தைத் தட்டி அதன் குரலைக் கேட்டு நல்லது கெட்டது சொன்னவர். எனக்கு அந்தத் 'தொப்' போல இனிமையான சத்தம் வேறு இல்லை.

புதுக் கூரையோடு அவர் போன நடை நீண்டது. மில்லுக்குப் போனேன், வந்தேன். அத்தையோடு குழாயடிக்குப் போனேன். அவரிடம் சொல்ல வேண்டியவற்றை மனதில் அடுக்கினேன்: பின்கட்டில் கீரி வந்தது, சோதனை அறையில் எனக்குப் புது மெஷின் கொடுத்தது, மாமரத்தில் பூ பிடித்தது. அடுக்கியதை இரண்டாம் நாளே மாற்றி அடுக்கினேன். எதைச் சொன்னாலும் சரி, முதல் வார்த்தையை மெதுவாகச் சொல்ல வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை. பயமாகவும் இருந்தது. இதுவும் பலிக்காவிட்டால் இனிமேல் செய்ய என்னிடம் ஒன்றும் இல்லை.

அவர் வந்த காலையில் நான் அடுப்படியில் இருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் பின்கட்டுக்குப் போய்க் கால் கழுவினார். ரேடியோ பக்கம் போகவில்லை. நான் அடுப்பைப் பார்த்தபடியே, திரும்பாமல், என் வழக்கமான குரலில் கேட்டேன்:

"காப்பி போடவா, சாப்புடுறீகளா?"

பின்கட்டில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"காப்பியே போடு. கொஞ்சம் கசப்பா."

நான் போட்டேன். சர்க்கரையை மறந்துவிட்டேன். அவர் கசப்பாகக் கேட்டார் அல்லவா, அதனால் குற்றம் தெரியவில்லை. அடுக்கி வைத்திருந்ததில் ஒன்றுகூட எனக்கு நினைவுக்கு வரவில்லை. அவரே பேசிக்கொண்டிருந்தார், மெதுவாக. கேபினில் தேயிலை வாசம் வருகிறது என்றார். வழியில் புளியமரத்தடியில் நிறுத்தி மதியத்தில் உள்ளேயே தூங்கினேன் என்றார். முன்பெல்லாம் வெயில் நேரத்தில் கேபினில் இருக்க முடியாததால் தூக்கத்தை விழுங்கிக்கொண்டு ஓட்டுவேன், உனக்குச் சொன்னதில்லை என்றார். அது எனக்குத் தெரியாது.

இதோடு முடிந்திருந்தால் நல்ல கதை. எங்கள் வீட்டுக் கூரையை நான் மறந்துவிட்டேன்.

வைகாசி வந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே மதியம் இருக்க முடியாது. ஒரு நாள் சாப்பிட்டு முடித்ததும் கணவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"எங்க போறீக?"

"வண்டிக்கு. செத்த நேரம் தலைய சாய்ச்சுட்டு வாரேன். அங்கன குளுகுளுன்னு இருக்கும்."

மறுநாளும் போனார். லாரி நிறுத்தும் செட்டில் வேப்பமரத்தடியில் வண்டி நிற்கும். சாயங்காலம்தான் திரும்புவார். காது திறந்து வருகிறார், ஆனால் ஆள் வீட்டில் இல்லை. ரேடியோ மூலையில் சும்மா இருந்தது.

அத்தை விடவில்லை. "ஊரு ஊராப் போனவன் வீட்டுக்கு வருவான். இப்ப வீட்டுக்கு வந்தவன் வண்டிக்குப் போறான். எம்புட்டுப் படிப்பு! இவளே, ஒங்க கட்டிலுக்கு மேலயும் ஒரு தேயிலப் பொட்டிய அடிச்சிருந்தா எம்மகன் இங்கன கெடந்திருப்பான்ல?"

"அடிச்சிரலாம் அத்தை."

"அடி. அதுக்குள்ள அவன் பேரன் எடுத்துருவான்."

இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாவது நாள் ஒரு தூக்குச் சட்டியில் மோர் எடுத்துக்கொண்டு செட்டுக்குப் போனேன். நிறுத்தியிருக்கிற லாரியில் போய் உட்காரும் வழக்கம் எங்கள் தெருப் பெண்களுக்கு இல்லை. அத்தை தூக்குச் சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மோரு சிந்தாமப் போ" என்றார். அவ்வளவுதான்.

கேபினில் ஏறிக் கதவைச் சாத்தினேன். செட்டை ஒட்டிய பட்டறையில் தட்டுகிற சத்தம் எங்கோ பக்கத்து ஊரில் கேட்பதுபோல் இருந்தது. தேயிலையும் தென்னை நாரும் கலந்த வாசம். குஞ்சம் ஆடாமல் தொங்கியது. அவர் பின் சீட்டுப் பலகையில் படுத்திருந்தார், நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். சுவருக்கு மேலே யாரும் இல்லை. நான் கீரி வந்ததைச் சொன்னேன், மெஷினைச் சொன்னேன், மாமரத்தைச் சொன்னேன். அப்புறம் இங்கே எழுதத் தேவையில்லாதவற்றையும் சொன்னேன். கல்யாணமாகி அத்தனை நாளில் அவரோடு நான் முதன்முதலாகத் தாராளமாகப் பேசியது ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டுதான்.

அப்படிச் சில மத்தியானங்கள் கிடைத்தன. அலுப்பில்லாமல் ஓட்டுகிறவர் என்று புக்கிங் ஆபீசில் பெயர் வந்துவிட்டது. குஜராத்துக்கு நடை கொடுத்தார்கள். பம்பாயைவிடத் தூரம். அவர் என்னிடம் அதை உற்சாகமாகச் சொன்னார். நான் நல்லது என்றேன்.

வண்டி கிளம்புகிற நேரத்தில் டிரைவரின் மனைவி செட்டுக்கு வரக் கூடாது, வந்தாலும் எப்போது வருவீர்கள் என்று கேட்கக் கூடாது என்பார்கள். கேட்டால் வழியில் தடை வருமாம். அதனால் நான் கேட்கவில்லை. வேறொன்று கேட்டேன். வடக்கே போகும் நடைக்குக் கிளீனர் ராஜபாளையத்தில் ஏற மாட்டார். சுந்தரபாண்டியத்திலிருந்து வந்து ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் ஏறிக்கொள்வார். அதுவரை இடது சீட்டு காலிதான்.

"நானும் அம்மா வீட்டு வரைக்கும் வரட்டா? பஸ்ஸுல திரும்பிக்கிறேன்."

சரக்கு ஏற்றிய வண்டியில் பெண் ஏறினால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு வழக்குச் சொல் இருக்கும். அவர் அதைத் தேடியது முகத்தில் தெரிந்தது. கிடைக்கவில்லையோ என்னவோ, "ஏறு" என்றார்.

எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி நகர்ந்தது. அதே ரோடு, அதே தென்னந்தோப்பு. பட்டுச்சேலைக்குப் பதில் நூல் சேலை. எஞ்சின் சத்தம் காலடியில் எங்கோ உறுமிக்கொண்டிருந்தது, தலைமேல் ஒன்றும் இல்லை. கையை உயர்த்திக் கூரையைத் தொட்டேன். நிழலில் கிடந்த பலகைபோல் இருந்தது.

"சீக்கிரம் வாங்கன்னு சொல்லக் கூடாதாமே" என்றேன்.

"சொல்லக் கூடாது."

"சொல்லல."

வண்டியின் வேகம் குறைந்தது. எந்தப் பஸ்ஸுக்கும் வழிவிடாத மனிதர். பின்னால் வந்த பஸ் ஹார்ன் அடித்துத் தாண்டிப் போனது. அதன் கண்டக்டர் படியில் தொங்கியபடி எங்களைத் திரும்பிப் பார்த்தார். அடுத்து ஒரு டிராக்டர் தாண்டியது. ஸ்ரீவில்லிபுத்தூர் வருவதற்குள் ஒரு மொபெட்கூடத் தாண்டியது. வழியெல்லாம் பேசினோம். என்ன பேசினோம் என்று கேட்டால், எதுவும் இல்லை. வீட்டுக் கூரைக்கு எத்தனை பெட்டி வேண்டும் என்று கணக்குப் போட்டோம்.

பஜார் முக்கில் கிளீனர் பையோடு நின்றிருந்தார். நான் இறங்கினேன், அவர் ஏறினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கீழே நிற்பவருக்கு அது பழைய லாரிதான். உள்ளே செய்தது எதுவும் வெளியே தெரியாது. சத்தம் காதைக் கிழித்தது. கணவர் டிரைவர் சீட்டிலிருந்து என் பக்கம் குனிந்து ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னார். காதைத் தொட்டுக் காட்டினேன். பின்னால் பஸ் ஒன்று ஹார்ன் அடித்தது. அவர் சிரித்துவிட்டு கியரைப் போட்டார்.

கேட்காமல் போன அந்தப் பேச்சை வைத்துக்கொண்டு நான் எத்தனையோ நாள் ஓட்டினேன். என்ன சொல்லியிருப்பார்? பஸ்ஸில் கூட்டமாக இருந்தால் அடுத்ததில் போ என்றிருக்கலாம். அம்மா சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதே என்றிருக்கலாம். சொல்லக் கூடாததைச் சொல்லி, சீக்கிரம் வாரேன் என்றிருக்கலாம். நான்காவது ஒன்றும் இருந்தது, அதைத்தான் அதிகம் நம்பினேன்.

அவர் திரும்பி வந்து கால் கழுவி உட்கார்ந்ததும் அதைத்தான் முதலில் கேட்டேன்.

"எப்ப? அங்கனயா?" யோசித்தார். "சீட்டுல கிரீஸு இருந்துச்சு. சேலையில பட்டிருக்கும், பாத்துக்கோன்னேன்."

பெட்டியைத் திறந்து, துவைக்காமல் மடித்து வைத்திருந்த சேலையை விரித்துப் பார்த்தேன். பின்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக இருந்தது. அதோடுதான் பஸ்ஸில் வந்திருக்கிறேன்.

"அடுத்த நடைக்கு எறக்கி விடும்போது எஞ்சினை அணைச்சுட்டுச் சொல்லுங்க" என்றேன்.

"அணைச்சா மறுபடி ஸ்டார்ட் ஆகாதுட்டி. பேட்டரி வீக்கு."

சேலையை மடித்துக்கொண்டே, அவர் பக்கம் திரும்பாமல், எனக்கே கேட்காத அளவுக்கு மெதுவாகச் சொன்னேன்:

"ஆகாட்டி நல்லதாப் போச்சு."

பின்னால் அவர் காப்பி டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் வந்தது.

"ம்" என்றார்.